சுண்ணாம்பு ஊரிலிருந்து பனிமேட்டுக்கு

ஆலத்தியூரில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் சிமெண்ட் ஆலையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்து வேப்பமரமும் முந்திரியும் கோடை முழுக்க வெளுத்துப்போய் நிற்கும். ஒரு நல்ல மழை பெய்தால்தான் இலைக்குப் பச்சை திரும்பும். அந்தச் சுண்ணாம்புக்கல்லும் ஒரு பழைய கடல் விட்டுப்போனதுதான். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி கடலுக்குள் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். பனியைக் கண்ணால் பார்த்திராத எங்கள் பிள்ளைகளுக்குக் கடலடிச் சிப்பி விளையாட்டுச் சாமான்.

நான் இந்தப் பக்கத்து விசேஷ வீடுகளில் படம் எடுப்பவன். மொட்டை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று வருஷம் ஓடிவிடும். ஒரு நாள் தங்கை வந்தாள். "அண்ணே, பாப்பாவ காஷ்மீருக்குக் கூட்டிட்டுப் போயி பனியில சறுக்க விடணும்னு அவரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நீயும் வந்தா நல்லா நாலு படம் எடுக்கலாம்ல?" என்றாள். பாப்பாவுக்கு ஐந்து வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். டிவி கார்ட்டூனில் ஒரு கரடி பனியில் சறுக்கியதைப் பார்த்ததிலிருந்து வீட்டுத் திண்ணைச் சரிவில் அட்டையைப் போட்டுச் சறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் முதன்முதலாகக் காது குத்திக்கொண்டது என் மடியில்தான். பனியில் முதன்முதலாக இறங்கும்போதும் மாமன் கூட இருக்க வேண்டாமா? கிளம்பிவிட்டேன்.

தொட்டபெட்டா உயரத்தில் ஒரு புல்வெளி

இந்தியாவில் பனிச்சறுக்கு என்றால் மூன்று இடங்கள் முதலில் வாயில் வரும்: உத்தராகண்டின் ஆலி, இமாசலத்தில் மணாலிக்கு மேலே சோலங், காஷ்மீரின் குல்மார்க். குழந்தையோடு போகிறவர்களுக்கு நாங்கள் தேர்ந்த குல்மார்க்கையே சொல்வேன். அது ஒரு விரிந்த புல்வெளி. குளிர்காலத்தில் அந்தப் புல்வெளி பனியால் மூடிக்கொள்ளும்போது, அதன் ஓரங்களில் மெல்லிய சரிவுகள் கிடைக்கின்றன. ‘பேபி ஸ்லோப்’ என்று அங்கே எல்லோரும் சொல்வது இவற்றைத்தான். தடுமாறி உருண்டாலும் பள்ளத்தில் போய் விழ முடியாது.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர். ஊட்டிக்கு மேலே நிற்கும் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டுகிறது. நம் நீலகிரியில் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்நுனியில் உறைபனி படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துபோகிறது. தொட்டபெட்டா பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது, குல்மார்க் 34 டிகிரி வடக்கே. அது போதாதென்று, குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் காஷ்மீர் மலைகளில் மோதி, சுமந்து வந்த ஈரத்தைப் பனியாக இறக்கிவிடுகின்றன. நமக்கு வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பனிக்காலம் உச்சத்துக்கு வருகிறது. டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்கிறார்கள். அடுத்த 20 நாள் சில்லை குர்து, அதற்கடுத்த 10 நாள் சில்லை பச்சா. குழந்தையோடு போக சில்லை கலானை விட்டுவிட்டு, குளிர் தணியத் தொடங்கி பனி மட்டும் தங்கியிருக்கும் பிப்ரவரிதான் தோது.

பனிச்சறுக்கு இங்கே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. 1927-இல் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் குல்மார்க்கில் ஸ்கி கிளப் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் இராணுவம் தன் வீரர்களுக்கு இங்கே பனிச்சறுக்குப் பள்ளி வைத்தது. இன்று உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக இருப்பது அதுவே. 1968-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வந்தது. கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 1998-இல் கொங்தூரி வரைக்கும், இரண்டாம் கட்டம் 2005-இல் அஃபர்வத் மலைத்தோள் வரைக்கும் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் ஏறி இறங்கும் இடம் ஏறத்தாழ 3,950 மீட்டர். அங்கே காற்று மெலிந்திருக்கும், பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. முதன்முதலாகப் பலகை கட்டும் குழந்தைக்கு அங்கே வேலையே இல்லை.

ஐந்து வயது ரொம்பச் சின்ன வயதாயிற்றே என்று என் அம்மா கவலைப்பட்டார். தங்கையின் வீட்டுக்காரரான எங்கள் மாப்பிள்ளை, ஆரிஃப் கான் என்ற பனிச்சறுக்கு வீரரின் கதையைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் முகமது கான், குல்மார்க் மண்ணின் பிள்ளை. அவருடைய அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். மகனை நாலு வயதிலேயே பலகையில் ஏற்றிவிட்டார். அந்தப் பையன் வளர்ந்து ஒலிம்பிக்கில் ஜயண்ட் ஸ்லாலம் பிரிவில் 45ஆவது இடம் பிடித்தார். தெற்கே இருப்பவர்களுக்கு இது எட்டாது என்றும் சொல்ல முடியாது. கர்நாடகத்தின் குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, நெடுந்தூரப் பனிச்சறுக்கில் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கிறார். காபித் தோட்டத்து ஊரிலிருந்து ஒருவர் போக முடிந்தால், சிமெண்ட் ஊரிலிருந்து போகக் கூடாதா?

வாத்து வந்த வழியில்

எங்கள் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். லடாக், திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்துகள், இமயத்தைத் தாண்டி, குளிருக்குப் பயந்து அங்கே வந்து தங்குகின்றன. நாங்கள் அந்த வாத்துகள் வந்த திசையைப் பார்த்துப் போனோம். குளிர் பிடிக்காமல் அது தெற்கே வருகிறது, குளிரைத் தேடி நாங்கள் வடக்கே போகிறோம் என்று மாப்பிள்ளை ரயிலில் சொன்னபோது, "அப்ப வாத்துக்குத்தான் மாமா புத்தி இருக்கு" என்றாள் பாப்பா.

அரியலூரில் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து தில்லி, தில்லியிலிருந்து கத்ரா. வைஷ்ணவிதேவி கோவிலின் அடிவார ஊரான கத்ராவோடு தண்டவாளம் நின்றிருந்த காலம் 2025 ஜூன் 6-ஆம் தேதி முடிந்தது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கிய நாள் அது. மலைப்பாதையில் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டு போக வேண்டியிருந்த வழியை இப்போது சுமார் மூன்று மணி நேரத்தில் கடக்கலாம். முன்கண்ணாடியில் பனி உறையாமல் இருக்க, கண்ணாடிக்குள்ளேயே வெப்ப இழை வைத்திருக்கிறார்கள். ரயில் ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கடக்கிறது. ஈஃபிள் கோபுரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் நிறுத்தினாலும் பாலத்தைத் தொடாது. அது கடந்து முடிவதற்குள் அடுத்த சுரங்கம் வந்துவிடும். சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, மலைகளை விட்டுவிட்டு, தூண்களையும் சுரங்கத்தின் உட்பூச்சையும்தான் பார்த்துக்கொண்டு வந்தார். பனிஹால் தாண்டி 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீர் பஞ்சால் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது மலை மண் நிறத்தில் இருந்தது. மறுபக்கம் வெளியே வந்தால் வயல், கூரை, போப்லார் மரம் எல்லாம் வெள்ளை. பெட்டியில் இருந்த எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

இந்த இடத்தில் வேறு வேலைக்கு முன் ஒரு படம் எடுத்தேன். பாப்பாவின் பின்தலை, கண்ணாடியில் அப்பிய இரு கை, வெளியே பனி. முகமே இல்லாத படம். முதல் பனிச்சறுக்கைப் படமெடுப்பவர்கள் பலகை கட்டும்போதுதான் கேமராவைத் திறக்கிறார்கள். கதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பனியைப் பார்த்ததும் வரும் திகைப்பு மறுநாள் இருக்காது.

ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். சமவெளியிலிருந்து வரும் குழந்தையை அன்றே மேலே ஏற்றாமல் ஓர் இரவு அங்கே தங்கவைப்பது நல்லது. 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கடைசி 13 கிலோமீட்டர் டங்மார்க்கிலிருந்து ஏற்றம். புதுப்பனி விழுந்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளைத்தான் மேலே விடுவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மற்ற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

மஞ்சள் ஜாக்கெட்

டங்மார்க்கில் நீளக் கோட்டும் கம்பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பெரியவர்களுக்கு அது போதும். படமெடுப்பவனுக்குக் கம்பூட்ஸ் அவசியம், ஏனென்றால் அவன் பனியில் முட்டி போட்டுத்தான் வேலை செய்யப்போகிறான். ஆனால் வாடகைக் கோட்டுகள் பெரும்பாலும் கறுப்பு, கருநீலம், பழுப்பு. குழந்தைக்கு மட்டும் சொந்தமாக ஒரு நல்ல நிற ஜாக்கெட் வாங்கிவிடுங்கள் என்று தங்கையிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவள் வாங்கியது சாமந்தி மஞ்சள். பனியில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் பளிச்சென்று நிற்கும். வெளிர்நீலமும் வெள்ளையும் பின்னணியில் கரைந்துவிடும். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. சரிவில் இருபது குழந்தைகள் ஒரே நேரத்தில் உருளும்போது, நம் பிள்ளை எது என்று அம்மாவுக்கும் பயிற்றுநருக்கும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

உள்ளே உடலை ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் தண்ணீர் இறங்காத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. பருத்தி பனியன் உள்ளே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரும். முகத்துக்குச் சன்ஸ்கிரீன் தடவும்போது தங்கை சிரித்தாள்: "இந்தக் குளிருக்கு வெயில் கிரீமா?" புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது அந்தக் கதிரும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. அதனால் வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் தடவ வேண்டும். காகிள்ஸ் போடாமல் குழந்தையைப் பனிவெயிலில் விடவே கூடாது.

ஹெல்மெட்டும் காகிள்ஸும் மாட்டிவிட்டால் முகம் போய்விடும். எந்தப் பிள்ளை என்றே படத்தில் தெரியாது. அதனால் முகம் தெரிய வேண்டிய படங்களை அதற்கு முன்பே, கடை வாசலிலும் பெஞ்சிலும் எடுத்து முடித்துவிட வேண்டும். பாப்பா அந்தக் கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸில் காலை நுழைக்க மல்லுக்கட்டியபோது கிடைத்தவைதான் இந்தத் தொகுப்பிலேயே முகம் நன்றாக விழுந்த படங்கள். "மாமா, காலு உள்ள போவ மாட்டேங்குது, இது யாரோட செருப்பு?" என்று கேட்டாள். குதிகாலை முதலில் தட்டி உட்கார வைத்தபின்தான் கொக்கி போட வேண்டும் என்று கடைக்காரர் கையால் காட்டினார். எழுந்து நடக்கச் சொன்னால் நடக்க வரவில்லை. கணுக்கால் மடங்காத பூட்ஸில் யாருக்கும் முதலில் நடக்க வராது.

வி போடு

எங்களுக்குக் கிடைத்த பயிற்றுநர் உள்ளூர் இளைஞர். பாப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "வி" என்ற ஒற்றை எழுத்து அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பலகைகளின் முன்முனைகளை ஒட்டிவைத்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இன்னும் அகட்டினால் நிற்கும். பனிச்சறுக்கில் பிரேக் என்பது இதுதான். பயிற்றுநர் இரு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டி "வி" என்பார், பாப்பா காலை அகட்டுவாள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் குழந்தைகளிடம் இதையே "பீட்சா" என்பார்கள். பலகைகள் பீட்சாத் துண்டைப் போல விரிவதால் வந்த பெயர். ஒஸ்லோவிலும் டொரன்டோவிலும் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பனிச்சறுக்கு நாளில் கற்பதும் இதே முதல் பாடத்தைத்தான். அவர்களுடைய அப்பா அம்மாவும் பாதிப்பேர் எங்களைப் போலவே பனி தெரியாத ஊரிலிருந்து போனவர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கைக்கோல் கொடுப்பதில்லை. கோலை ஊன்றிச் சாய்ந்தால் காலால் நிற்கப் பழக மாட்டார்கள். முதலில் ஒரு காலில் மட்டும் பலகை மாட்டித் தட்டையான இடத்தில் சுற்றி நடக்கவிட்டார். பிறகு இரண்டு காலிலும். பிறகு பக்கவாட்டில் படி ஏறுவதைப் போலச் சரிவில் ஏறக் கற்றுக்கொடுத்தார். சறுக்குவதற்கு முன் விழக் கற்றுக்கொடுத்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது. பின்பக்கம் சாயக் கூடாது, பக்கவாட்டில் உட்காருகிற மாதிரி விழ வேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுந்த கையோடு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அதன்பின் அவர் பாப்பாவுக்கு முன்னால் நின்று, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, அவள் இரு கையையும் பிடித்து இறக்கினார். கொஞ்ச தூரம் போனதும் விரல் நுனிகளை மட்டும் பிடித்தார். பிறகு அதையும் விட்டார். மஞ்சள் ஜாக்கெட் தனியே நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. அவளுக்கோ அது ராக்கெட். தட்டையான இடத்தில் வந்து தானாக நின்றது. திரும்பிப் பார்த்தாள், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று. "மாமா, நான்தான் வந்தேனா?" என்று கத்தினாள். அடுத்த முறை பாதியிலேயே தொப்பென்று விழுந்தாள். தங்கை ஓடப்போனாள், பயிற்றுநர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். பலகையைக் குறுக்கே போட்டு, கையை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வெகுநேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க ஷட்டர் ஓடியது.

சறுக்கி வருகிற படம் யார் எடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ஹெல்மெட், காகிள்ஸ், அகட்டிய கால். எழுகிற படத்தில் அந்தக் குழந்தையின் சுபாவம் இருக்கிறது. ஒருத்தி அழுவாள், ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தி நீட்டிய கையைத் தட்டிவிடுவாள். எங்கள் பாப்பா தட்டிவிடுகிற ரகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு நிறம் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். சட்டகம் முழுக்கப் பனி நிறைந்தால், வெளிச்சம் கூடிப்போயிற்று என்று தானே குறைத்துவிடும். பனி பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும், குழந்தையின் முகம் கறுத்துவிடும். சுரங்கத்துச் சுண்ணாம்புச் சுவர் முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தவர்களுக்கும், கரைவெட்டியில் கொக்கு எடுத்தவர்களுக்கும் இந்தத் தொல்லை பழக்கம். மருந்தும் ஒன்றுதான்: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். மேகமூட்டத்தில் இரண்டு வரைகூடப் போகலாம். கூட்டியபின் ஹிஸ்டோகிராம் பார்த்துப் பனியின் மேடு பள்ளம் வெளுத்து அழிந்துவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் குழந்தையின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

நம் நிறத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். மாநிறத்து முகம், அதன்மேல் ஹெல்மெட்டின் நிழல், சுற்றிலும் கண் கூசும் வெள்ளை. கேமராவின் தானியங்கிக் கணக்கை நம்பினால் முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரியும். முகத்துக்குச் சரியான அளவை வைத்துவிட்டால், மிச்சத்தைப் பனியே பார்த்துக்கொள்கிறது. கல்யாண வீட்டில் உதவியாளர் தெர்மோகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்து முகத்து நிழலை எடுப்பாரே, அந்த வேலையை அங்கே தரை முழுக்கச் செய்கிறது. உச்சிவெயிலிலும் கண்ணுக்கடியில் கறுப்பு விழாத முகங்களைப் பனியில்தான் பார்த்தேன்.

நிழலில் பனி நீலமாக விழும். ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கு நிறுத்திவைத்துவிட்டு, அந்த நீலத்தைக் கொஞ்சம் விட்டுவைத்தால் குளிர் படத்தில் தெரியும். மேகம் மூடிய பகலில் மேடும் பள்ளமும் தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அந்த வெளிச்சத்தில் சறுக்குவோருக்கும் கண் தடுமாறும். காலை பத்து மணிக்குள்ளும் மாலை மூன்று மணிக்குப் பிறகும் சூரியன் சாய்ந்திருக்கும்போது, பலகை கீறிய கோடு ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். குழந்தையின் வேகத்துக்கு 1/500 வினாடி போதும். பனித்தூள் தெறிப்பதை நிறுத்திக் காட்ட 1/1000. கேமராவைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். பெரியவர் உயரத்திலிருந்து எடுத்தால் அந்தச் சரிவு தரை மாதிரி தட்டையாகத் தெரியும். முட்டி போட்டு எடுத்தால் குழந்தைக்கு அது எப்படித் தெரிந்ததோ அப்படியே மலையாகத் தெரியும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். செல்போனும் அங்கேதான். விடுதிக்குள் புகாரி எனப்படும் விறகு அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். வெளிக்குளிரில் சில்லிட்ட கேமராவை அந்தச் சூட்டுக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். வாசலிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடி, அறைச்சூடு ஏறும்வரை திறக்காமல் இருந்தால் ஈரம் உறையின் வெளியே படிந்துபோகும்.

‘இங்க பாரு!’

எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தையின் முதல் பத்துப் படமும் கேமராவைப் பார்த்தே இருக்கும். மொட்டையடித்த அன்று, காது குத்திய அன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று. காதுகுத்தில் ஆசாரி ஊசியை எடுக்கும்போது, மாமன் மடியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நாங்கள் கிலுகிலுப்பையை ஆட்டி "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்துவோம். வலி தெரியாமல் இருக்க அந்த ஏமாற்று உதவும். எங்கள் தொழிலின் முதல் மந்திரம் அது.

பனிமேட்டில் அந்த மந்திரம் உதவாது. அன்று சரிவு முழுக்கப் பல மொழியில் அதே கூப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை நன்றாகத்தான் வரும். அப்பா பக்கத்திலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தலை திரும்பும், தோள் திரும்பும், எடை ஒரு பலகைக்குப் போகும், அடுத்த நொடி விழுந்துகிடக்கும். பனிச்சறுக்கில் கண் போகும் பக்கம்தான் உடம்பு போகும். போக வேண்டிய இடத்தைப் பார் என்பதைத்தான் பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படத்துக்காகக் கூப்பிடுகிறவர் அந்தப் பாடத்தை அழிக்கிறார். மாப்பிள்ளையிடம் வீடியோ எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன். பொறுத்துக்கொண்டார். பாவம், கஷ்டம்தான்.

கூப்பிடாமலே கண் வேண்டுமானால் நிற்கிற இடத்தை மாற்ற வேண்டும். குழந்தை பார்ப்பது பயிற்றுநரை. அதனால் அவருக்குக் கீழே, அவர் தோளுக்குச் சற்றுப் பக்கவாட்டில், சறுக்கும் பாதைக்கு வெளியே முட்டி போட்டு உட்கார்ந்தால், அவரைப் பார்க்கும் பார்வை லென்ஸின் ஓரத்தில் வந்து விழும். எங்கே வந்து நிற்கும் என்று முன்பே பார்த்து அந்த இடத்துக்குக் குவியத்தை வைத்துக்கொள்ளலாம். தொடரும் குவியம் உள்ள கேமராவானால் அதை நம்பலாம். கழுத்தில் கேமரா தொங்கப் பனிச்சறுக்குப் பலகையில் ஏறக் கூடாது. குழந்தையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே எடுக்கும் ஆசையும் வேண்டாம். ஒருவர் விழுந்தால் இருவருக்கும் அடி. இன்னொன்று: "திரும்ப ஒருதடவ வா, சரியா விழல" என்று குழந்தையைப் பனியில் நிறுத்திவைக்கக் கூடாது. அசைகிற உடம்புக்குக் குளிர் தெரியாது. படத்துக்காக நிற்கிற உடம்புக்குச் சில நிமிடத்திலேயே விரல் மரத்துவிடும்.

பனி வராத ஆண்டுகள்

பயிற்றுநர், சறுக்குவண்டி இழுப்பவர், கம்பூட்ஸ் கடைக்காரர், கஹ்வாத் தேநீர் விற்பவர் என்று அந்தப் புல்வெளியின் குளிர்காலப் பிழைப்பு முழுக்கப் பனியை நம்பியது. 2024 ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதியைப் பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். மழை பொய்த்தால் முந்திரி பூக்காத ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதில்லை. பயிற்றுநரிடம் மாப்பிள்ளை இதைப் பற்றி அரைகுறை இந்தியில் கேட்டார். பனி குறைந்த வருஷம் அவர் பழத்தோட்ட வேலைக்குப் போவாராம்.

இதனால் பயணம் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முன்பதிவை உறுதி செய்வதற்கு முன் அந்த வாரத்துப் பனி நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனி இல்லையென்றாலும் பிள்ளை ஏமாறாதபடி ஸ்ரீநகரில் பார்க்க வேறு இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். பனி கிடைத்தால், பயிற்றுநருக்கு அவர் சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் பிள்ளையின் முழங்கால் அவர் கையில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மணி நேரப் பாடம் தாராளம். அதில் முதல் அரைமணிக்குக் கேமராவைத் தொடாதீர்கள். அந்த நேரம் பயிற்றுநருக்கும் பிள்ளைக்கும் பழகிக்கொள்ள வேண்டியது. பிறகு கொஞ்ச நேரம் எடுங்கள், கேமராவை உள்ளே வைத்துவிட்டு மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள். பாட்டிக்கு அனுப்ப நாலு படம் போதும். விழுந்து அழுத படத்தை ஊர் பார்க்க இணையத்தில் போட வேண்டாம். அந்தப் பிள்ளை வளர்ந்து, அதைப் பார்த்து அதுவே சிரித்துக்கொள்ளட்டும்.

விலையுயர்ந்த லென்ஸ் வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பு: வேண்டியதில்லை. எங்கள் தொகுப்பில் பாதி செல்போனில் எடுத்தவை. நல்ல வெளிச்சமும், நிற்கிற இடமும், மூடிய வாயும் இருந்தால் போதும். ஊர் திரும்பியதும் மறக்காமல் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள். போன் மாறும்போது படமும் போய்விடுகிறது. ஆல்பம் வீட்டில் இருந்தால் பிள்ளை தானே எடுத்துப் பார்க்கும்.